முதலில் மருத்துவமா, உணவியலா?



ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் இரயிலில் ஏறினால் வழியில் வருவது கொடுமுடி. ஒருபுறம் காவிரி, மறுபுறம் மஞ்சள், கரும்பு, வாழை. அவ்வூரில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க சார், எனக்கு டாக்டராகோணும். டயட்டீசியன் படிப்பும் படிக்கோணும். எதை முந்திப் படிக்கிறதுங்க?"

"இரண்டும் எதற்கம்மா?" என்றேன்.

"எங்க அப்பிச்சிக்குச் சர்க்கரை நோய்ங்க. டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னாருங்க. அப்பிச்சியும் நிறுத்திப்போட்டாருங்க. இப்ப டீயில நாட்டுச் சர்க்கரைதான் போட்டுக் குடிக்கிறாருங்க!"

நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. அவளுடைய தந்தை மஞ்சள் காட்டில் கூலி வேலை செய்பவர். தம்பி ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். இரண்டு படிப்புகளுக்கும் செலவு செய்யும் வசதி வீட்டில் இல்லை. ஆகவே எதை முதலில் படிப்பது என்பது அவளுக்கு வெறும் வாய்க் கணக்கு அன்று. தவறாகத் தொடங்கினால் அவளுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் போகும். அந்த ஆண்டுகளின் சுமை தம்பியின் படிப்பின்மீதும் விழும். இதே எண்ணம் உங்களிலும் சிலருக்கு இருக்கலாம். எனவே அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

மருத்துவர் ஆவதே உங்கள் குறிக்கோள் என்றால், மருத்துவத்தை முதலில் படியுங்கள். உணவியலை அந்தப் படிப்பின் உள்ளேயும், அது முடிந்த பின்னும் கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவ இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும் நிழற்குடையாக உணவியலைக் கருதாதீர்கள். இதுவே என் கருத்து. இதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

அப்பிச்சி செய்த தவறு என்ன?

முதலில் அந்தத் தேநீருக்கே வருவோம். கரும்புச் சாற்றைக் காய்ச்சித்தான் வெள்ளைச் சர்க்கரையும் செய்கிறார்கள். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் செய்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடியின் நாட்டுச் சர்க்கரை புகழ் பெற்றது. அதன் நிறமும் மணமும் வேறு. சிறிதளவு தாது உப்புகளும் அதில் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். குடலில் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்து இரத்தத்தில் கலக்கிறது. நிறத்தைப் பார்த்துக் கணையம் ஏமாறுவதில்லை!

மருத்துவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன சொல் அப்பிச்சியின் தேநீர்க் குவளைவரை வந்து சேரவில்லை. அப்படி வந்து சேரச் செய்வதே உணவியலாளரின் தொழில். நோயாளி எத்தனை கரண்டி சோறு உண்கிறார், எந்நேரத்தில் உண்கிறார், வீட்டில் சமைப்பவர் யார், நியாயவிலைக் கடை அரிசியைத் தவிர வேறென்ன வாங்க முடியும் என்றெல்லாம் அவர் கேட்பார். "உப்பைக் குறையுங்கள்" என்பது மருத்துவரின் சொல். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு இவற்றில் ஒளிந்திருக்கும் உப்பை எடுத்துக் காட்டுவது உணவியலாளரின் வேலை. சிறுநீரகம் பழுதுபட்டு, இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்துவிட்டவருக்கு நம் ஊர் வாழைப்பழமும் இளநீரும் தீங்காகலாம். காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். இப்படிப்பட்ட வழிகளைச் சொல்லித் தருபவர் அவர்.

மருத்துவருக்கும் இந்த அறிவு மிகவும் தேவை. இரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை எழுதித் தருகிறார். அதை விழுங்கியவுடன் காப்பியோ தேநீரோ குடித்தால், அவற்றிலுள்ள பாலிஃபீனால் என்னும் பொருள்கள் இரும்புடன் சேர்ந்து, உடல் அதை ஏற்பதைத் தடுக்கும். நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி அதற்குத் துணை செய்யும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை இருந்தது. இத்தனை பேருக்கும் மாத்திரை மட்டும் கொடுத்தால் போதுமா? நீங்களே சொல்லுங்கள்!

ஆகவே அந்த மாணவியின் ஆசை நல்ல ஆசை. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. எதை எப்போது படிப்பது என்பதுதான் வினா.

காலக் கணக்கு

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. ஆக ஐந்தரை ஆண்டுகள். இதில் சேர மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் படித்திருக்க வேண்டும். நீட் தேர்விலும் தகுதி பெற வேண்டும். உணவியலில் பி.எஸ்ஸி. பட்டம் பல கல்லூரிகளில் மூன்றாண்டு, சிலவற்றில் நான்காண்டு. எம்.எஸ்ஸி. இரண்டாண்டு. முழுத் தகுதி பெற்ற உணவியலாளராக வேண்டுமானால் மருத்துவமனை உணவுப் பிரிவில் சில மாதப் பயிற்சியும் தேவை.

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்கும்போது வயது 18 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி: மருத்துவம் ஐந்தரை ஆண்டு, பிறகு ஊட்டச்சத்தியலில் எம்.எஸ்ஸி. இரண்டாண்டு. முடிக்கும்போது வயது இருபத்தைந்தரை. நீட் தேர்வுக்கென்று இடையில் ஓராண்டு தனியே போனாலும் இருபத்தாறரை.

இரண்டாம் வழி: பி.எஸ்ஸி. மூன்றாண்டு, எம்.எஸ்ஸி. இரண்டாண்டு, பயிற்சி அரையாண்டு, நீட் தேர்வுக்குத் தயாராக ஓராண்டு, பிறகு மருத்துவம் ஐந்தரை ஆண்டு. முடிக்கும்போது வயது முப்பது!

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? விடை எளிது. மருத்துவப் பட்டத்தை ஒரு முதற்பட்டமாக ஏற்று ஊட்டச்சத்தியல் முதுநிலைக்குச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நடத்தும் எம்.எஸ்ஸி. படிப்புக்கு மருத்துவப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உணவியல் பட்டம் பெற்றவர் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றால், ஒரு நாள்கூடக் குறையாது; முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு திசையில் கதவு திறக்கிறது. மறு திசையில் திறப்பதில்லை.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நீட் தேர்வில் இயற்பியலும் உண்டு. உணவியல் பட்டப்படிப்பில் உயிர்வேதியியலும் உடலியலும் மிகுதி. ஒளியியலும் மின்னியலும் பெரும்பாலும் இல்லை. மூன்றாண்டுகள் தொடாமல் விட்ட இயற்பியலை மீண்டும் கையிலெடுத்து, அப்போதுதான் பள்ளி முடித்து வரும் மாணவர்களோடு போட்டியிடுவது எளிதன்று.

"இரண்டையும் ஒரே சமயத்தில் படித்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். மருத்துவப் படிப்பில் தேர்வு எழுதவே வகுப்புகளுக்கு 75 விழுக்காடும், செய்முறைக்கு 80 விழுக்காடும் வருகை வேண்டும். உணவியலும் சமையற்கூடத்திலும் நோயாளியின் படுக்கையருகிலும் கற்க வேண்டிய படிப்பே. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் எப்படி நிற்பது?

அமெரிக்காவில் உணவியலை முதலில் படித்துவிட்டு மருத்துவத்துக்குப் போகிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். அங்கே மருத்துவக் கல்லூரியில் நுழைவதற்கு முன்பே பெரும்பாலும் நான்காண்டுப் பட்டம் பெற வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டத்தை உணவியலில் பெற்றால் ஆண்டு எதுவும் வீணாவதில்லை. ஆனால் பதிவு பெற்ற உணவியலாளர் ஆக 2024ஆம் ஆண்டு முதல் அங்கே முதுநிலைப் பட்டமும் தேவை; ஆகவே முழுத் தகுதியையும் பெற்றுவிட்டுப் போவதென்றால் அங்கேயும் காலம் கூடும். அந்நாட்டு அட்டவணை அந்நாட்டுக்கு. நம் ஊர்ப் பேருந்துக்கு நம் ஊர் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து வரலாறு

மருத்துவம் கற்றபின் உணவை ஆராய்வது புதிய வழியன்று. நம் பகுதியிலேயே பலர் நடந்த பாதை அது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் ஏறினால் குன்னூர். அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் 1918ஆம் ஆண்டு இராபர்ட் மக்கரிசன் என்ற மருத்துவர், பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்களும் கொண்ட வடமேற்குப் பகுதி உணவில் எலிகள் நன்கு வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய தென்னக உணவில் நலிந்தன. அந்தச் சிறு பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது.

அந்த நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தியவர்களுள் ஒருவர் டாக்டர் சி. கோபாலன். நமக்கு அண்டை ஊரான சேலத்தில் 1918இல் பிறந்தவர். சென்னையில் எம்.பி.பி.எஸ்., பின்னர் எம்.டி. படித்தார். அதன் பிறகே இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து ஆராய்ச்சியில் பிஎச்.டி. பெற்றார். நம் குழந்தைகளின் புரதக் குறை நோய்களை ஆராய்ந்தார். இந்திய உணவுகளின் சத்து மதிப்பைக் கூறும் நூலை 1971இல் உடனாசிரியர்களோடு வெளியிட்டார். பல தலைமுறை உணவியல் மாணவர்களின் மேசையில் அது இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். நூறு ஆண்டுகள் வாழ்ந்து 2019இல் மறைந்தார். முதலில் நோயாளியை அறிந்தார்; பிறகு நோயாளியின் உணவை அறிந்தார். அந்த வரிசை அவருக்குப் பொருந்தியது.

இதற்கு மாறான வரிசையிலும் சாதித்தவர் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். பிறகு மருத்துவம் படித்து 1920இல் தேர்ந்தார். 1928இல் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களைத் தாக்கிய ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் பணி செய்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைக் குணப்படுத்துவதைக் கண்டார். அதிலிருந்த பொருளே ஃபோலிக் அமிலம் என்று பிற்காலத்தில் தெரிந்தது. இன்று கருவுற்ற தாய்மாருக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அதுதான். ஆகவே வேறொன்றை முதலில் படித்தவர் மருத்துவத்தில் சிறக்க முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். கற்ற அறிவியல் எதுவும் வீண்போகாது. ஆனால் வீட்டின் கையிருப்பும் வயதும் கணக்கில் வரும்போது, நீண்ட வழியை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்க வேண்டாம் என்கிறேன்.

உணவியல் இரண்டாந்தரம் அன்று

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "டாக்டர் சீட் கிடைக்கவில்லையா? சரி, நியூட்ரிஷன் சேர்த்துவிடு" என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இப்படிச் சேர்ந்தவர் மூன்றாண்டும் வகுப்பறையில் உடலை வைத்துவிட்டு மனத்தை நீட் தேர்வில் வைத்திருப்பார். இரண்டும் முழுமை பெறாது. உணவியலை உண்மையாகவே விரும்பும் ஒரு மாணவிக்குரிய இடத்தையும் அவர் பிடித்துக்கொள்கிறார்.

கோவையில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை நினைத்துப் பாருங்கள். அதை வளர்த்தவர்களுள் முதன்மையான டாக்டர் இராஜம்மாள் தேவதாஸ் மருத்துவர் அல்லர், ஊட்டச்சத்தியல் அறிஞர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். அக்கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பின்னாளில் அதன் வேந்தராகவும் இருந்தார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மருத்துவர் ஆகவில்லையே என்று அவரைக் குறித்து யாராவது வருந்துவார்களா?

2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைநிலை, உடல்நலத் தொழிலர் ஆணையச் சட்டத்தில் உணவியலாளரும் ஊட்டச்சத்தியலாளரும் இடம்பெற்றுள்ளனர். நாடெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளதென 2023இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. மருத்துவமனைகளும் பள்ளிகளும் விடுதிகளும் இவர்களைத் தேடும் காலம் இது. எனவே சமையலும் சத்தும் சொல்லிக் கொடுப்பதும்தான் உங்கள் மனத்துக்குப் பிடித்தவை என்றால், நேராக உணவியலுக்கே செல்லுங்கள். மருத்துவம் வழியாகச் சுற்றிப் போக வேண்டியதில்லை.

எப்போது என்ன செய்வது?

பத்தாம் வகுப்பில் இருப்பவர்களே! உங்களுக்குத்தான் முதல் முடிவு. பதினோராம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் உள்ள பிரிவை எடுங்கள். அதில் இரண்டு வழிகளும் திறந்திருக்கும். இயற்பியலையோ உயிரியலையோ விட்டுவிட்டால் மருத்துவத்தின் வழி கடினமாகும்.

அரசுப் பள்ளி மாணவர்களே! ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2020 முதல் மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதை அறியாமலே விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். விதிகள் மாறக் கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டில் அவ்வாண்டு அறிவிப்பை நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள்.

முதல் முறை இடம் கிடைக்கவில்லையா? இன்னும் ஓராண்டு முயலலாம். அதற்கு மேலும் ஆண்டுகளைச் செலவிடுமுன் வீட்டாரோடு உட்கார்ந்து, வரவு செலவையும் பெற்ற மதிப்பெண்ணையும் எதிரே வைத்துப் பேசுங்கள். பிறகு உணவியலில் சேர்வதானால் முழு மனத்தோடு சேருங்கள்.

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதா? அப்போதே உங்கள் உணவியல் படிப்பும் தொடங்கிவிட்டது. முதலாண்டு உயிர்வேதியியலில் வைட்டமின்கள் வரும். சமூக மருத்துவத்தில் ஊட்டச்சத்து ஒரு தனிப்பகுதி. மருத்துவ மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்கள் நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டமும் 2022 முதல் நடைபெறுகிறது. அந்த வீடுகளுக்குப் போகும்போது இரத்த அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். அடுப்படியையும் எட்டிப் பாருங்கள். பயிற்சி ஆண்டில் மருத்துவமனை உணவியலாளரோடு ஒரு வாரம் நோயாளிகளைச் சுற்றி வாருங்கள். அதன் பிறகும் ஆர்வம் தணியவில்லை என்றால், முதுநிலைப் படிப்பு உங்களுக்காகக் காத்திருக்கும்.

இன்றே தொடங்குங்கள்

கொடுமுடி மாணவியிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பிச்சிக்கு நான் டாக்டராகற வரைக்கும் பொறுக்காதுங்களே!" என்றாள்.

உண்மைதான். அதற்கும் ஒரு வழி உண்டு. முந்தைய நாள் விழித்தெழுந்தது முதல் படுக்கப் போகும்வரை ஒருவர் உண்டதையும் குடித்ததையும் நேரத்தோடும் அளவோடும் கேட்டு எழுதுவது, உணவியலாளர் கையாளும் ஓர் அடிப்படை முறை. கரண்டி, டம்ளர், இட்லி எண்ணிக்கை என்று வீட்டு அளவிலேயே எழுதலாம். இதற்குப் பட்டம் தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும். அறிவுரை கூறுவது நம் வேலையன்று. உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் நம் வேலை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். தேநீரில் நாட்டுச் சர்க்கரை இரண்டு கரண்டி என்று அதில் எழுதியிருந்தால், மருத்துவரின் கண்ணில் படாமலா போகும்?

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஓர் அப்பிச்சியோ அம்மாயியோ இருப்பார். இன்று இரவே அவர் அருகில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த உணவு அவர் உடலில் என்ன செய்கிறது என்று அறிய மனம் துடிக்கிறதா? அல்லது இந்த உணவை எப்படி மாற்றிச் சமைத்துத் தரலாம் என்று மனம் ஓடுகிறதா? முதலாவதானால் மருத்துவத்தின் பக்கம் செல்லுங்கள்; இரண்டாவதானால் உணவியலின் பக்கம் செல்லுங்கள். இரண்டும் என்றால், எதை முதலில் படிப்பது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்!